தெருமுனையில் ஐந்து கற்கள்

கன்னிவாடியிலிருந்து காலை ஏழு மணி பஸ். திண்டுக்கல் பத்து மைல் சொச்சம். எனக்கும் தங்கை செல்லத்தாயிக்கும் ஆளுக்கு ஐந்தணா. பஸ்ஸின் மேலே கட்டிய அவளுடைய நாற்காலிக்கு இரண்டணா. இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போன அவளுக்காக, பழைய சைக்கிள் சக்கரம் இரண்டைப் பூட்டித் தச்சர் செய்தது. கையால் சக்கரத்தைத் தள்ளித் தானே போவாள்.

“என்னாத்தா, தேரை எங்க ஓட்டப் போற?” என்றார் கண்டக்டர்.

“திண்டுக்கல்லுக்குத்தான். வடம் பிடிக்க வாரீகளா?”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். திண்டுக்கல்லில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. அவள் எட்டாவது முடித்துவிட்டாள். மேலே படிக்க எங்கள் ஊரில் இடமில்லை. அவளே பள்ளிக்குப் போய்வரக்கூடிய தெருவில் வீடு அமைந்தால்தான் படிப்பு.

வாடகைக்கு ஒரு வீடு பார்க்க எட்டரை மணிக்குப் புதுத்தெருவை அடைந்தோம். மூடிபோட்ட சாக்கடை, நடுவில் குழாய், வீட்டுக்கு வீடு ஜன்னல், வேப்பங்கன்று. தெருமுனையில் மட்டும் குறுக்கே ஐந்து கற்கள் நட்டிருந்தார்கள். இரண்டு கல்லுக்கிடையே நாற்காலி சிக்கிக்கொண்டது. இழுத்ததில் தங்கையின் முழங்கை சிராய்த்தது.

வீட்டுக்கார அம்மாள் ஜமீலா பீவி ஓடிவந்தார். “யா அல்லா, ரத்தம் வருதே! தோல் பதனிடுற ஷாப்புக்குப் போற வண்டியெல்லாம் இதுக்குள்ளதான் குறுக்க போகும், தம்பி. ஈயும் நாத்தமும். எம்மவன் வாந்திபேதில கெடந்து பொழச்சான். அதுக்கப்புறம் நட்ட கல்லு.”

“ஒரு கல்லை எடுத்துட்டா?” என்றேன் தயங்கி.

“நல்லாருக்கே!” என்றார் எதிர்வீட்டுக்காரர். “நாற்காலி நுழையுற எடத்துல தோலு ஏத்துன தள்ளுவண்டி நுழையாதா?”

அவர் சொன்னது நியாயம். “தெனமும் நானே தூக்கி விடுறேன்” என்றேன்.

“நீ ஆபீஸ் போனப்புறம் கல்லா தூக்கும்?” என்றாள் தங்கை.

ஜமீலா பீவி அவளுடைய முழங்கையைத் துடைத்துவிட்டு, உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். “எடுங்க. பெறகு பாத்துக்கலாம்.”

“ஒரு வண்டி நுழைஞ்சாலும் திரும்ப நட்டுருவேன், ஆமா” என்று சொல்லிக்கொண்டே எதிர்வீட்டுக்காரர்தான் கல்லைப் பெயர்த்தார். குழியை மூடியதும் தங்கை பள்ளிக்கூட வாசல்வரை தனியாகவே போய்த் திரும்பினாள். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

மாலை நாங்கள் கிளம்பும்போது, ஈரத்தோல் குவித்த தள்ளுவண்டியோடு ஒருவர் தெருமுனையில் நின்றார். காலில் செருப்பில்லை. சுற்றிப்போனால் அவருக்கு அரை மைல் கூடுதல்.

“வழி தொறந்துட்டாகளா, அப்பு?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லண்ணே. இவளுக்கு மட்டும்” என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். பாரத்தில் அது லேசில் திரும்பவில்லை.

கன்னிவாடியில் எங்கள் தெருவுக்குச் சாக்கடையும் கிடையாது, குழாயும் கிடையாது. ஆனால் அங்கே யாரையும் நான் வழிமறித்ததில்லை. பஸ்ஸில் தங்கை வந்த வழியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை குடிவருகிறோம். அந்தத் தள்ளுவண்டிக்காரர் தினமும் வருவார்.