ஒரு இன்ச் மேல நிக்குது

விண்கலத்தின் கதவு 'உஸ்' என்று மூடியதும் லிஃப்ட்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அரை செகண்டு கூட ஆகல. நடுவுல எவன் கையாவது மாட்டினா? சென்சார் இருக்கா பாருங்க, இல்ல. ஆயிரம் வருஷம் கழிச்சு வரப்போற கதவாம்!"

அதற்குள் திரையில் ஒரு கிரகமே வெடித்துச் சிதறிவிட்டது. அது அவர் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு இந்த விசாரணை தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அவர் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பாதி நேரம் திரையைப் பார்ப்பார், பாதி நேரம் கணவரைப் பார்ப்பார். எது நல்ல வேடிக்கை என்று ஒருமுறை கேட்டேன். "டிவிக்காவது நடுநடுவுல விளம்பரம் வரும். இவருக்கு அது கூடக் கிடையாது" என்றார்.

லிஃப்ட்காரர் முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறார். ஆஸ்பத்திரி, அலுவலகம், துணிக்கடை என்று எல்லா இடத்துக்கும் போவார். அவர் குடியிருக்கும் எங்கள் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் இல்லை. எழுபத்திரண்டு படி ஏறித்தான் வீட்டுக்கு வருகிறார். ஒன்று வைக்கச் சொல்லலாமே என்றால், "வேணாங்க, அப்புறம் தூங்குறப்பகூட என்னைத்தான் எழுப்புவீங்க" என்பார். வேலையில் பெரும்பாலும் அவர் உடம்பில் பாதி எந்திரத்துக்குள் இருக்கும். "இத்தனை வருஷத்துல ஜனங்க என் காலைத்தான் பாத்திருக்காங்க" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

நகைச்சுவைத் தொடர்களை அவர் அளப்பது அங்குலக் கணக்கில். லிஃப்ட் நிற்கும்போது தரையோடு தரையாக நிற்க வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கி நின்றால் வருகிறவர் கால் தட்டும். ஜோக்கும் அப்படித்தானாம். சொல்லி முடித்த பிறகும் விளக்கிக்கொண்டே போனால் "ஒரு இன்ச் மேல நிக்குது" என்பார். பாதியிலேயே விட்டுவிட்டால் "கீழ நிக்குது". வழுக்கி விழுவது, மாறுவேடம் போடுவது எல்லாம் அவருக்கு மூன்று இன்ச். சரியாக வந்து நின்ற ஜோக்குக்கு அவர் சிரிப்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார். அப்படி அவர் ஆட்டி நான் பார்த்தது இரண்டே முறை. அதில் ஒரு தடவை, நடிகர் வசனத்தை மறந்துவிட்டு விழித்தபோது.

பின்னணியில் ஓடும் சிரிப்புச் சத்தம் அவருக்கு அறவே ஆகாது. "யாருங்க இவங்க? முகத்தைக் காட்டச் சொல்லுங்க. எப்ப சிரிக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்று திரையைப் பார்த்துச் சண்டைக்குப் போவார்.

விஞ்ஞானக் கதைகள் விஷயத்தில் அவர் மனசு இரண்டாகக் கிடக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியாது, பொறுக்கவும் முடியாது. அவருடைய பெரிய குறை, அத்தனை பெரிய கப்பலில் பராமரிப்புக்கு ஓர் ஆள் கிடையாது என்பது. "கேப்டன் இருக்கான், டாக்டர் இருக்கான், துப்பாக்கி பிடிக்க நாப்பது பேர் இருக்கான். எண்ணெய் விடுறவன் எங்க?" காலப் பயணத்திலும் நம்பிக்கை இல்லை. "நேத்துக்குப் போய் என்ன பண்றது? நேத்தும் நாலாவது மாடிலேர்ந்து கம்ப்ளெயின்ட்தான் வந்துச்சு." கண்ணீர் விடும் ரோபோவைப் பார்த்து, "துருப்பிடிக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் ஒரு தொடரில் யாரோ ஒருவன் பேச்சே இல்லாமல் அரைமணி நேரம் ஒரு குழாயைச் சரிசெய்கிற பகுதி வந்தது. மனிதர் மூச்சுக் காட்டாமல் பார்த்தார். மறுநாளும் அதையே பார்த்தார் என்று மனைவி சொன்னார்.

இந்த வாயில் மாட்டிக்கொண்டவள் அவர் மகள். காப்பீட்டு அலுவலகத்தில் நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு இரண்டு வருடமாகத் தொலைக்காட்சிக்கு எழுதுகிறாள். எழுதுவதும் விண்கலத்தில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். அப்பாவுக்குப் பிடிக்காத இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டியிருக்கிறாயே என்று நான் கேலி செய்வேன். வேலையை விட்டதற்கு லிஃப்ட்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாராட்டியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எழுதிய ஐந்து பகுதிகளுக்கும் ஒன்று, இரண்டு, ஒன்றரை என்று இன்ச் போட்டார், அவ்வளவுதான். அவளும் சிரித்தபடி கேட்டுக்கொண்டு போவாள். போய், அடுத்ததை மூன்று முறை திருத்தி எழுதுவாள் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

ஆறாவது பகுதி வந்த சனிக்கிழமை அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அதற்குச் சற்றுமுன் சமையலறையில், "அப்பா மனசு கஷ்டப்படுவாரோம்மா?" என்று அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

காரணம் ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தது. விண்கலத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தான். லிஃப்ட்காரரைப் போலவே நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எதிரிகள் சுடுகிறார்கள் என்று கேப்டன் கத்த, அவன் நிதானமாக, "அவங்க சுடட்டும் சார். நீங்க கதவுல கைய வைக்காதீங்க" என்றான். பின்னணியில் ஒரே சிரிப்பு. அடுத்து கேப்டன் வீர உரை ஒன்று ஆற்றினார். மெக்கானிக் தலையை நீட்டி, "ஒரு இன்ச் மேல நிக்குது சார்" என்றான். முகம் தெரியாத அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

லிஃப்ட்காரரின் மனைவி மடித்த துண்டையே மறுபடி மடித்தார். சொந்த அப்பாவை ஊர் சிரிக்கக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்தது.

"அப்பா, அது வந்து..." என்று தொடங்கினாள். அவர் கையை உயர்த்தி அமர்த்தினார். கண் திரையை விட்டு நகரவில்லை.

கடைசியில் கப்பல் தீப்பிடித்தது. எல்லோரும் அந்த லிஃப்டில் ஏறித்தான் தப்பினார்கள். மெக்கானிக் மட்டும் வெளியே நின்று, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். அந்த இடத்தில் சிரிப்பும் இல்லை, இசையும் இல்லை.

எழுத்துகள் ஓடி முடிந்தன. லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"மெயின் சுவிட்சை அணைக்காம உள்ள இறங்குறான். எங்க வேலைல அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எழுதியிருந்தேன்ப்பா. நேரம் போதலைன்னு வெட்டிட்டாங்க."

"எழுதினியா?"

"எழுதினேன்."

அவள் மடியிலிருந்த கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கோவமாப்பா?" என்றாள்.

அவர் எழுந்து வாசல் பக்கம் போனார். வெளியே கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கதவை முழுசாகத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செய்தித்தாளை மடித்துச் சொருகினார். படியில் ஏறி இறங்குகிறவர்களின் பேச்சு உள்ளே கேட்டது. திரும்பி வந்து, வாசலிலிருந்து பார்த்தால் திரையை மறைக்கும் தன் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து போடு" என்றார்.