சந்தனம் வைத்த மோடம்

அரங்கசாமி பாவாவைப் போல் பயந்த மனிதரை அன்னூர் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. என் அக்கா பங்காரம்மாவின் வீட்டுக்காரர். எங்கள் வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும் என்பதால் எனக்கு அவர் பாவா. இடி இடித்தால் மெயினை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருவார். எந்த மிஷினையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்டு பிடித்துக்கொள்ளுமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்கா வாய்விட்டே சொல்வாள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. பயம் தனக்குச் சோறு போடுகிறது என்பது அவர் கட்சி. தோட்டத்து மோட்டார் ஒருமுறைகூடப் புகைந்ததில்லையே.

புது மிஷின் எது வந்தாலும் பூஜை போட்டுவிடுவார். மிக்ஸியானாலும் சரி, மருந்தடிக்கிற பம்ப்பானாலும் சரி, தலையில் ஒரு பொட்டு, கரண்டு நுழைகிற இடத்தில் ஒரு பொட்டு. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்புவார்.

அவர்களின் ஒரே மகன் சாய்சரண் தைவானில் மோடம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். நான்தான் வாரம் ஒருமுறை கோயமுத்தூர் பிரவுசிங் சென்டரில் அவனுடைய மெயிலை அச்செடுத்து வந்து அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். ‘மாமாவுக்கு எதற்குச் சிரமம்’ என்று ஊருக்கு வந்த சிநேகிதனிடம் அவன் ஒரு மோடம் கொடுத்தனுப்பினான். வீட்டில் அவன் வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. ஓட்டையில் செருகிவிட்டு, போன் ஒயரை மாட்டினால், வீட்டிலிருந்தே மெயில் பார்க்கலாம். இன்டர்நெட் கணக்கும் எடுத்தாகிவிட்டது. பாவா பூஜையை முடித்துவிட்டு, மாட்டுவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று மோடத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

அந்த நல்ல நாள் வருவதற்குள் பூகம்பம் வந்துவிட்டது. 1999 செப்டம்பர். காலைச் செய்தியில் தைவான் என்ற சொல்லைக் கேட்டதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன். டி.வி.யில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. அக்கா அதன் முன்னால் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். பாவா போனில் தைவான் நம்பரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லா லைனும் பிஸி என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

“கோயமுத்தூர் போய் மெயில் பாத்துட்டு வரட்டுமாக்கா?” என்றேன்.

“நீ போய்ச் சேர எத்தனை நேரம் ஆவும்? அந்தப் பொட்டியை மாட்டு பாலு. நல்ல நாளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

பாவாவே துணியை விலக்கினார். போனிலிருந்து ஒயரைப் பிடுங்கி மோடத்தில் செருகினார். மோடத்தைக் கம்ப்யூட்டரில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கம்ப்யூட்டரோ இது என்ன பொருள் என்று தெரியவில்லை என்றது.

கழற்றி மாட்டினேன். அப்போதும் தெரியவில்லை. பக்கத்து ஓட்டையில் மாட்டினேன், அதுவும் இல்லை. கூட வந்த சி.டி.யைப் போட்டு அது கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அமுக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். விளக்கு எரிகிறது, ஆனால் ஆளைத் தெரியவில்லை. பம்புசெட் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு அந்தப் பெயர் ஒன்றுக்கும் உதவவில்லை. டி.வி.யில் செத்தவர்கள் கணக்கு ஏறிக்கொண்டே போனது. யாரும் அதை அணைக்கவும் இல்லை, நேராகப் பார்க்கவும் இல்லை.

“விளக்கு எரியுதே, அப்புறம் ஏன் பாலு தெரியலைங்குது?” என்று அக்கா மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

பாவா மோடத்தைப் பிடுங்கி வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. ஒயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது.

“நாந்தான் பாலு. வாயிலயே பொட்டு வெச்சுப்போட்டேன்.”

வாங்கிப் பார்த்தேன். தகரவாய்க்குள் நான்கு தகடுகள். நடுவில் இருந்த இரண்டின் மேல் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது, மேலே குங்குமம். ஓரத்துத் தகடுகள் கரண்டு கொடுப்பவை. அதனால்தான் விளக்கு எரிந்திருக்கிறது. பேச வேண்டிய தகடுகள் நடுவில்.

“சுரண்டி எடுத்துப்போடலாம். ஒரு ஊக்குக் குடுங்கக்கா” என்றேன்.

பாவா வெடுக்கென்று என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். “பொட்டை அழிக்கறதா? புள்ளை என்ன ஆனான்னு தெரியாத நேரத்துல, அவன் அனுப்புன பொருள்ல இருந்து குங்குமத்தை அழிக்கறதா?”

அதை மூடநம்பிக்கை என்று வேறொரு நாளில் கிண்டல் செய்திருப்பேன். அந்த நிமிஷத்தில் அவர் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அழித்துவிட்டு மெயிலைத் திறந்து, அதில் ஒன்றும் வராமல் இருந்தால்? வேறு யாராவது எழுதியிருந்தால்? பாவாவின் கை மோடத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

அக்கா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

“பாவம் வந்தா எனக்கு வரட்டுமுங்க. கொடுங்க.”

அவள் சுரண்டினாள். சந்தனப் பொடி அவள் மடியில் விழுந்தது. பாவா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இந்த முறை செருகியதும் கம்ப்யூட்டர் அதன் பெயரைச் சொன்னது. கணக்கைப் போட்டு டயல் செய்தேன். மோடம் கிறீச்சிட்டது, பாவா காதைப் பொத்திக்கொண்டார். பக்கம் மெள்ள மெள்ள இறங்கி, பாஸ்வேர்ட் போட்டு, கடைசியில் ஒரு மெயில். சாய்சரண் பெயர். கொஞ்ச நேரம் முன்னால்தான் அனுப்பியிருந்தான்.

ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தான். சத்தமாகப் படித்தேன். நான் நல்லா இருக்கிறேன். ராத்திரி முழுக்கத் தெருவில்தான் இருந்தோம். காலையிலிருந்து முயன்று இப்போதுதான் வீட்டுக்கு லைன் கிடைத்தது, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாருமே எடுக்கவில்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? டி.வி. பார்த்து மயங்கி விழுந்தார்களா? கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது பதில் போடுங்கள்.

அக்கா ‘நல்லா இருக்கிறேன்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள், மீதி அவள் காதில் விழவில்லை. பாவாவுக்குத்தான் விழுந்தது. அவர் போனைப் பார்த்தார். அதிலிருந்து பிடுங்கிய ஒயர் மோடத்தில் இருந்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஒயரைப் பிடுங்கிப் போனில் திருப்பி மாட்டினார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. எடுத்தார். நானும் காதை ஒட்டவைத்தேன்.

“அப்பா, ஏம்ப்பா எடுக்கலை?” சாய்சரண் அழுதுகொண்டிருந்தான். “அம்மா எங்கீங்க?”

“இருக்கறா சாமி. ஒண்ணுமில்லை, ஒயரைப் புடுங்கிப்போட்டேன். நீ எங்கிருந்து பேசறே?”

“ஆபீஸ்லதாங்கப்பா. உள்ள வரக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்கறாங்க, செவுரெல்லாம் விரிசல். இங்கதான் ஜெனரேட்டர் ஓடுது. நீங்க எடுக்கலைன்னதும் பயந்துபோய் உள்ள வந்து மெயில் போட்டுப்போட்டு, அப்பவிருந்து இங்கயே உக்காந்து போன் அடிச்சுட்டு இருக்கறேன். அம்மாகிட்டக் கொடுங்க.”

அக்கா கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பாவா கொடுக்கவில்லை.

“வெளிய போ,” என்றார். “போனை வெச்சுப்போட்டு வெளிய ஓடு.”

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை…”

பாவா போனைப் பட்டென்று வைத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்க விடவில்லையே என்று அக்கா அவர் தோளில் குத்தினாள். அவர் அடியை வாங்கிக்கொண்டு போன் மேல் கையை வைத்தபடியே நின்றார். உள்ளங்கையை வைத்திருந்தார்.

பையன் வெளியே வந்துவிட்டேன் என்று ஒரு பூத்திலிருந்து மறுபடி கூப்பிட மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை அவர் அங்கிருந்து நகரவில்லை.