கடைசி பஸ்ஸுக்குக் கத்தினவர்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் அவர் சிடியைத் தொடுவார். கழுவிய கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி முழங்கையால் கதவைத் தள்ளியபடி உள்ளே வருவார். பெட்டியை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். தட்டை வெளியே எடுப்பது அவர் மட்டுந்தான். "நகம் பட்டுச்சுன்னா ஒரு கச்சேரி போச்சு சார். திரும்ப வாசிக்க ஆளு எங்க இருக்கு? ஏழு பேர்ல அஞ்சு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்பார், அந்த ஐந்து பேரும் தன்னிடம் சொல்லிக்கொண்டு போன மாதிரி.

கை கழுவுவதில் நியாயம் இருக்கிறது. அவருக்குத் தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் ஈறு செய்து, பல்லை வரிசையாகப் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் கைவேலை. ஆனால் சிரிக்கிறவர்களில் ஒருவரைக்கூட இவர் நேரில் பார்த்ததில்லை. முன்னறைதான் பட்டறை. அங்கே அலமாரி முழுக்க வாய்கள். பின்னறை இசைக்கு. அங்கே அலமாரி முழுக்கக் கச்சேரிகள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சமையலறை அவர் மனைவியுடையது.

நான் கீழ் வீட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குமேல் டிரம்ஸ் இடிக்கிறதே என்று நான்கு வருஷத்துக்கு முன் சண்டை போடத்தான் மாடியேறினேன். கதவைத் திறந்தவர் உதட்டில் விரலை வைத்து, என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிய முப்பத்தெட்டு நிமிஷம் ஆயிற்று. முடிந்தபோது எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் பேச்சு வராது" என்று அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து நானும் ரசிகர் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டேன்.

அவர் கேட்பதெல்லாம் ஒரே ஒரு இசைக்குழுவைத்தான். அந்தக் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பாட்டை எடுத்தால் அது எந்தத் திசையில் போகும், எப்போது வீடு திரும்பும் என்று அவர்களுக்கே தெரியாது. இன்று வாசித்த மாதிரி நாளை வாசிக்கமாட்டார்கள். நாற்பது வருஷம் ஊர் ஊராகப் போய் அப்படி வாசித்தார்கள். அத்தனையும் ஒலிப்பதிவாகி ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கிறது. அதிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு மூன்று கச்சேரிகளைத் தூசு தட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஒவ்வொரு பெட்டி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை மாடியில் சபை கூடும். மருந்துக்கடைக்காரர் எதையும் இரண்டிரண்டாக வாங்குகிறவர். ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று பிரிக்காமலே வைத்திருப்பதற்கு. பௌதிக வாத்தியார் எதைக் கேட்டாலும் "டேப் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு" என்பார். இவர்கள் பாட்டின் பெயரைச் சொல்லிப் பேசுவதில்லை. தேதிதான். "என்ன இருந்தாலும் எழுபத்தொன்பது மார்ச்சு மாதிரி வராது" என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் வலி வந்தவர்போல் கண்ணை மூடிக்கொள்வார்.

நம்மவருக்கு இதில் தனி நோக்கு ஒன்று உண்டு. பெட்டியோடு வருகிற படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். "பாடுறவருக்கு மேல் வரிசை முழுக்க பல் செட்டு. எண்பத்து நாலுல போட்டிருக்காங்க. வேலை சுத்த மோசம். அதான் அந்த வருஷம் பூரா குரல்ல ஒரே காத்தா வருது." மற்ற இருவரும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் சபையில் அவருக்கு நடு நாற்காலி கிடைத்தது பல்லால் அல்ல, குரலால். முப்பத்தோரு வருஷத்துக்கு முன், ஒரு விளையாட்டு அரங்கில் அந்தக் குழு ஒரே பாட்டை நாற்பத்தோரு நிமிஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. டிரம்ஸ் ஓய்ந்து, கிடார்க்காரர் தலையைக் குனிந்து ஒற்றை நரம்பைத் தடவிக்கொண்டிருந்த நேரம் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கத்தியது: "கடைசி பஸ் போயிடும்ப்பா, முடிங்க!" கிடார்க்காரர் நிமிர்ந்தார், வாய்விட்டுச் சிரித்தார், சிரித்த கையோடு வேறொரு மெட்டுக்குத் தாவினார். அந்தத் தாவலை இன்றுவரை ரசிகர்கள் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். கத்தியது நம்மவர்.

அதனால் அவருக்குப் பெயரே 'கத்தினவர்' என்றாகிவிட்டது. வெளியூர் ரசிகர்கள் தேடி வந்து கை குலுக்குவார்கள். யாரோ திருட்டுத்தனமாகப் பதிந்த கேசட் ஒன்று இருந்தது. அதில் தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி ஏதோ ஒரு சத்தம் கேட்கும். ஆளா மாடா என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இடம் வந்ததும் அவர் தலையைச் சற்றே தாழ்த்திக்கொள்வார். மேடையில் பொன்னாடை போர்த்தும்போது தாழ்த்துவார்களே, அந்த அளவுக்கு.

அவர் மனைவி தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் கவுண்டரில் உட்காருகிறவர். "அடுத்தவங்க!" என்று அவர் கூப்பிட்டால் வரிசையின் கடைசியில் நிற்கிறவருக்கும் தூக்கிப்போடும். ஞாயிறு ஒரு மணிக்குச் சபையைக் கலைப்பது அவர்தான். சமையலறை வாசலில் நின்று, "கடைசி பஸ் போயிடும்ப்பா, முடிங்க!" என்பார். கணவரின் புகழ்பெற்ற வசனத்தைச் சொல்லி அவரையே கிண்டல் செய்கிறார் என்று நாங்கள் வாரம் தவறாமல் சிரிப்போம்.

இந்த வருஷம் நம்மவருக்கு உச்சம் வந்தது. அந்தக் குழுவுக்கு அஞ்சலி செலுத்துகிற குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் அந்த விளையாட்டு அரங்கக் கச்சேரியை எட்டு மாதம் மனப்பாடம் செய்து, சுரம் பிசகாமல், இருமல் பிசகாமல் மறுபடி வாசிக்கப் போவதாக அறிவித்தார்கள். "ஒருதடவை வாசிச்சத மறுதடவை வாசிக்காதவங்களுக்கு இப்படி ஒரு மரியாதையா?" என்று நான் கேட்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. பேசாத அந்த இரண்டு வாரத்துக்குள் அஞ்சலிக் குழு அவரை அழைத்துவிட்டது. நாற்பத்தோராவது நிமிஷம் அவர் வந்து கத்த வேண்டும். விளக்கு அவர் மேல் விழும்.

மனிதர் வெந்நீர் தவிர வேறெதையும் குடிப்பதை நிறுத்தினார். பட்டறையில் பேச்சைக் குறைத்தார். தினமும் காலை குளியலறையில் சாதகம். "கடைசி பஸ் போயிடும்ப்பா!" என்று குழாய் வழியாக எங்கள் வீட்டுக்குள் குரல் இறங்கும். விருந்துக்கு வந்திருந்த என் மாமியார் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு தெருவரை ஓடிவிட்டார்.

அஞ்சலிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கம்பெனிக்காரர்கள் அதே கச்சேரியை மூல ஒலிநாடாவிலிருந்து சுத்தம் செய்து வெளியிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு பெட்டியோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "அண்ணே, இனிமே உங்க குரல் உலகம் பூரா கேக்கும்!" அன்று நம்மவர் நான்கு முறை கை கழுவினார்.

கேட்டோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சுத்தம் செய்திருந்தார்கள். நாற்பதாவது நிமிஷம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். டிரம்ஸ் ஓய்ந்தது. கிடாரின் ஒற்றை நரம்பு அதிர்ந்தது. அப்புறம், பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி அவ்வளவு துல்லியமாக, ஒரு பெண்குரல்: "கடைசி பஸ் போயிடும்ப்பா, முடிங்க!"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் வாத்தியார்தான் கைகொடுக்க முயன்றார். "டேப் வேகமா ஓடியிருந்தா ஆம்பளக் குரல் இப்படிக் கீச்சுன்னு ஆயிடும்."

"அதேதான்! டேப்பு!" என்று நம்மவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

வாத்தியார் பாவம், நேர்மையான மனிதர். சற்று யோசித்துவிட்டு, "ஆனா கிடார் சரியா இருக்கே" என்றார்.

அந்த நேரம் பார்த்து மணி ஒன்று. சமையலறை வாசலில் ஈரக்கையோடு வந்து நின்ற அம்மாள், "கடைசி பஸ் போயிடும்ப்பா, முடிங்க!" என்றார்.

அதே ஏற்றம், அதே இறக்கம். 'முடிங்க'வில் அதே வெட்டு. மருந்துக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "அக்கா, இத கொஞ்சம் கேளுங்க" என்று வாத்தியார் தட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டுக் காட்டினார். அம்மாள் முகம் சிவந்துவிட்டது. "ஐயையோ! இதையெல்லாமா பெட்டியில போட்டு விப்பாங்க?"

"அப்ப அண்ணன்?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"இவரு எங்க? இவரு என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு இருந்தாரு. வாயத் தொறந்துகிட்டு. மறுநாள் காலையில எனக்கு டியூட்டி. புதுசா சேர்ந்த வேலை. பஸ்ஸ விட்டா என்ன பண்றதுன்னு பயத்துல கத்திட்டேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாத்துச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு, குனிஞ்சுகிட்டேன். அந்தச் சத்தத்துல இவரு முழிச்சாரு. எல்லாரும் பாக்கிறாங்கன்னு எந்திரிச்சுக் கையாட்டினாரு."

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"சொல்ற விஷயமா இது? பொம்பள ஒருத்தி அத்தன பேர் நடுவுல கத்தினான்னு பேராயிடக் கூடாதேன்னு மனுஷன் பழிய தன் தலையில போட்டுக்கிட்டாருன்னு நெனச்சேன். அதுக்காகவே இவரு எத்தன தடவ அந்தக் கதையச் சொன்னாலும் நான் வாயே தொறக்கல." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "எனக்காகத்தான அப்படிச் சொன்னீங்க?"

அவர் முகத்தை நான் பார்த்தேன். நிஜமாகவே மறந்துபோனவன் என்றால் முகம் குழம்பியிருக்கும். அது குழம்பவில்லை. கடைக்கண் பார்வை எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மனைவியிடம் வந்து நின்றது.

"பின்ன?" என்றார்.

மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நீங்க பெரிய மனுஷன்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு புகழ் போய் அரை நிமிஷம் ஆகவில்லை, அடுத்தது வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவுண்டரில் சரியாக ஒட்டாத உறையைக் கையில் வாங்கினால் முன்னும் பின்னும் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார்கள். அம்மாள் அவரை அப்படிப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

வாத்தியார் நேர்மையானவர் என்று சொன்னேனே. மறுநாளே அஞ்சலிக் குழுவுக்குப் போன் போட்டுவிட்டார். அவர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உண்மையான குரலே வரப்போகிறதே! அம்மாளைக் கேட்டார்கள். "எத்தனை மணிக்குக் கத்தணும்? சனிக்கிழமைன்னா எனக்கு அரை நாள்தான், வர்றேன்" என்றார் அவர். அன்றிலிருந்து மேலே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டுந்தான் கேட்டது. காலையில் அந்தக் குரல் இல்லாமல் எனக்கே வீடு என்னவோபோல் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அஞ்சலிக் கச்சேரி மாலை நான்கு மணிக்கு. ரசிகர்களுக்கு வயதாகிவிட்டதால் இப்போதெல்லாம் அதற்குமேல் யாருக்கும் தாங்குவதில்லை. எண்ணூறு பேர். வெளியே பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். நாங்கள் ஐந்து பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நம்மவர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை தூங்கவில்லை.

நாற்பத்தோராவது நிமிஷம் டிரம்ஸ் ஓய்ந்தது. கிடார்க்காரப் பையன் மனப்பாடம் செய்தபடி தலையைக் குனிந்தான். அம்மாள் இருந்த இடத்தைவிட்டு எழாமலே, கவுண்டரில் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினார். பையன் நிமிர்ந்து, அதே போல வாய்விட்டுச் சிரித்து, அடுத்த மெட்டுக்குத் தாவினான். கூரை பிய்ந்துவிடும்போல் கைதட்டல். விளக்கு எங்கள் வரிசையை நோக்கி வந்தது. குரல் யாருடையது என்று எண்ணூறு தலைகள் திரும்பித் தேடின. அம்மாள் வெட்கப்பட்டு, முகத்தைக் கைப்பைக்குள் புதைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

விளக்கு வந்து நின்றது. நம்மவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து, கையாட்டினார்.