ஞானேஸ்வரனின் இடது தோள்

ரெய்னர்ஸ் லேனில் மீன் கடை வைத்திருந்த ஞானேஸ்வரனிடம் துவக்கு ஒன்று இருப்பது ஊருக்கே தெரியும். லண்டனில் ஊர் என்றால் அந்தக் கடைக்கு அறக்குளாவும் விளைமீனும் வாங்க வருகிற சனம்தான். அது 2007ஆம் ஆண்டு, அங்கே நாட்டில் சண்டை மும்முரமாக நடந்த நேரம். தமிழன் வீட்டில் துவக்கு இருந்தால் சனத்தின் வாய் சும்மா இருக்குமா? பொலிஸ் கொடுத்த லைசன்ஸோடு, மாடிப்படிக்குக் கீழே சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது அந்தத் துவக்கு. மான் சுடுவதற்கு என்று அவர் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

"அண்ணை, மீனை வெட்டி விக்கிற மனிசனுக்கு மான் என்னத்துக்கு?" என்று பத்மநாதன் சனிக்கிழமை தவறாமல் கேட்பார். வாங்குவது அரைக் கிலோ மீன். பேச்சு மட்டும் ஒரு வண்டி.

ஞானேஸ்வரன் சிரித்துவிட்டுச் செதில் உரிப்பார். காரணத்தைச் சொன்னால் அது அவருக்கே வெட்கமாக இருக்கும்.

அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர். பீச்சங்கையால் சோற்றைத் தொட்டால் தகப்பன் அடித்தார், எழுதினால் வாத்தியார் அடித்தார். பத்து வயதாவதற்குள் எல்லாம் வலக்கைக்கு மாறிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் தேத்தண்ணியை வலக்கையால் கவனமாக வாங்கிக் குடித்தார். மனைவி நகுலேஸ்வரிக்கு விஷயம் தெரிய வந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். அவளும் அதைத் தன் தாய்வீட்டுக்குச் சொல்லவில்லை.

லண்டனுக்கு வருமுன்னர் அவர் நோர்வேயின் மேற்குக் கரையில், ஒரு மீன் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை செய்தார். அங்கே அவரோடு ஒரே மேசையில் மீன் வெட்டியவன் அர்னே. அர்னேதான் அவரை முதன்முதல் மான் வேட்டைக்குக் கூட்டிப் போனான். துவக்கைக் கையில் கொடுத்ததும் அது தானாக இடது தோளில் போய் உட்கார்ந்தது. ஞானேஸ்வரன் பதறிப்போய் மாற்றப் பார்த்தார்.

"எதற்கு மாற்றுகிறாய்? உன் கண் அந்தப் பக்கம்தானே பார்க்கிறது" என்றான் அர்னே. அவனுடைய அண்ணனும் இடக்கைக்காரன். அண்ணனின் பழைய துவக்கையே பிறகு இவருக்குக் கொடுத்துவிட்டான்.

அவ்வளவுதான் விஷயம். இந்த உலகத்தில் அவர் இடக்கையால் செய்ய ஒரேயொரு காரியம் கிடைத்தது. அதை யாரும் தடுக்கவில்லை, அடிக்கவில்லை. லண்டனுக்கு வந்த பின்னும் வருடத்துக்கு ஒருமுறை ஸ்கொட்லாந்துக்குப் போவார். அர்னே நோர்வேயிலிருந்து வந்து சேர்ந்துகொள்வான். மற்ற நாளெல்லாம் வலக்கைதான்.

அந்த வருடம் மாசி மாதம், கடையில் நின்றபடியே மயங்கி விழுந்தார். இதயம் மெதுவாக அடிக்கிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வைப்பதற்கு முன் ஒரு தாதி வந்து கேட்டாள், நீங்கள் எந்தக் கைக்காரர் என்று.

"வலக்கை" என்றார் ஞானேஸ்வரன். யோசிக்கவே இல்லை. அந்தப் பதிலை அவருக்குச் சின்ன வயதிலேயே அடித்து ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற நகுலேஸ்வரியும் தலையாட்டினாள். பாவனைக் கைக்கு எதிர்ப்பக்கம்தான் வைப்பது வழக்கம். இடது காறை எலும்புக்குக் கீழே, துவக்கின் கட்டை வந்து உதைக்கிற அதே இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் அவருக்குச் சுரீரென்றது.

"ஏனப்பா அங்கை சொல்லேல்லை?" என்றாள் நகுலேஸ்வரி.

"கை எது எண்டுதானே கேட்டவை. தோள் எது எண்டு கேக்கேல்லை."

"விடுங்கோ. இனி உந்தத் துவக்கும் வேண்டாம், மானும் வேண்டாம்."

மனிதர் விடவில்லை. உதைப்புக் குறைந்த துவக்கு ஒன்று கிடைத்தால் போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, லண்டனுக்கு வெளியே ஒரு துவக்குக் கடைக்குப் போனார். அர்னே கொடுத்த பழசு 30-06 ரகம். கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கும். கடைக்காரர் கொலின் பொறுமைசாலி. எந்தத் தூரத்தில் சுடுவீர்கள் என்று முதலில் கேட்டார். தூரத்தில்தான் என்றார் ஞானேஸ்வரன். முன்னைப்போல ஈரத்தில் ஊர்ந்து மானுக்குக் கிட்டப் போக மூச்சு இடம்கொடுக்காது, இருநூறு கஜத்துக்கும் அப்பால் நின்றுதான் சுடவேண்டியிருக்கும்.

கொலின் இரண்டை எடுத்து வைத்தார். 6.5 ரகத்தின் குண்டு தூரத்துக்கு நிதானமாகப் போகும், கொஞ்சம் உதைக்கும். 243 ரகத்தின் குண்டு சின்னது, காற்றடித்தால் விலகும், உதைப்பு மிகக் குறைவு. மானுக்குச் சட்டம் கேட்கிற பலம் அதற்கும் உண்டு. துவக்கு பாரமாக இருந்தால் உதைப்பு இன்னும் குறையும், ஆனால் பாரத்தை மலையில் சுமக்கிற நெஞ்சு எது என்றும் அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குழாய் நுனியில் சத்தம் குறைக்கிற உறையும் கட்டையில் தடித்த றப்பரும் போட்டால் நடுத்தரப் பாரத்திலேயே சமாளிக்கலாம் என்றார். கடைக்குப் பின்னால் இருந்த சுடுதளத்தில் 243ஐ வலது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தார் ஞானேஸ்வரன். தெரிந்தவர் ஒருத்தர் தோளில் தட்டிக் கூப்பிட்ட அளவுதான். இதை இடப்பக்கமே தாங்கும் என்று மனம் குதித்தது. பழசு இடக்கைத் துவக்கு என்று கண்டிருந்த கொலின், இடக்கைக்கு ஒன்று எடுப்பிக்கவா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்தார். பேஸ்மேக்கர் பரிசோதிக்கிற பெண் சொன்ன பதிலில் வழவழப்பு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் எந்தத் துவக்கும் கூடாது. உதைப்புச் சின்னதோ பெரிதோ, உள்ளே போகிற வயர் முறியலாம்.

"வலப்பக்கத்தாலை சுடுறன்" என்று வீட்டில் சொன்னார்.

"சத்தியமா?"

"ஓம், சத்தியம்."

அப்படித்தான் 243 வந்தது, வலக்கைக்காரருக்கான சாதாரணத் துவக்காக. அதற்கு லைசன்ஸில் இடம் எடுத்து, பழசைக் கொலினிடமே கொடுத்தார். கோடை முழுக்கச் சுடுதளத்துக்குப் போய் வலது தோளைப் பழக்கினார். எழுத்தைப் பழக்கியாயிற்று, சோற்றைப் பழக்கியாயிற்று, இது என்ன பெரிய காரியம் என்ற எண்ணம். நூறு கஜத்தில் கடதாசி வட்டத்துக்குள் குண்டு விழுந்தது. வலது கண் கொஞ்சம் தடுமாறியது. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

கார்த்திகையில் ஸ்கொட்லாந்து. அர்னேக்கு முழங்கால் போய்விட்டது. அவன் கீழே ஜீப்பில் இருந்துகொண்டான். அந்த மலைக்கும் மான்களுக்கும் பொறுப்பான டன்கன் என்பவன்தான் ஞானேஸ்வரனோடு ஏறினான். சரிவின் அந்தப் பக்கம் பெட்டை மான்கள் மேய்ந்துகொண்டு நின்றன. டன்கன் ஒன்றைக் காட்டினான். ஞானேஸ்வரன் படுத்து, வலது தோளில் கட்டையை அணைத்து, மூச்சை விட்டு, சுட்டார்.

உதைப்பே தெரியவில்லை. மான் விழவில்லை.

முன்னங்காலுக்குப் பின்னால் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட்டிருந்தது. அது கூனிக்கொண்டு நடந்தது. ஓடினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நடந்தது, நின்றது, பிறகும் நடந்தது. இவர்கள் பின்னால் போகப் போக அதுவும் போனது. மழை பிடித்துக்கொண்டது. ஞானேஸ்வரனுக்கு நெஞ்சு அடைத்தது; அது இதயம் செய்த வேலை அல்ல, வெட்கம். கடைசியில் எதிர்ச்சரிவில் ஒரு பாறையோரம் நின்று அது திரும்பிப் பார்த்தது. அதற்கு அப்பால் பள்ளம்.

"இப்போதே" என்றான் டன்கன்.

துவக்கு வலது தோளுக்கு வந்தது. குறிபார்க்கும் கண்ணாடிக்குள் மான் ஆடியது. ஞானேஸ்வரன் துவக்கை இறக்கினார். நகுலேஸ்வரியின் முகம் வந்து போனது. கட்டையை இடது தோளில், அந்த மேட்டின் மேலேயே வைத்தார். மான் அசையாமல் நின்றது. அவர் சுட்டார். மான் இருந்த இடத்திலேயே மடிந்தது.

கிட்டப் போய் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதார். ஒரு தாதியிடம் உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டதற்கு இந்த வாயில்லாச் சீவன் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்ற நினைப்பு அவரைக் கொன்றது. டன்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான்.

லண்டனுக்கு வந்த கிழமையே துவக்கைக் கொலினிடம் கொண்டுபோய் விட்டார். லைசன்ஸையும் பொலிசுக்குத் திருப்பிக் கொடுத்தார். சத்தியத்தை முறித்ததையும் நகுலேஸ்வரிக்குச் சொன்னார். அவள் ஏசவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. படிக்குக் கீழே வெறும் பெட்டி கிடந்தது. பத்மநாதன் சனிக்கிழமை மான் கதையை எடுத்தபோது, "அது முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லி மீனை நிறுத்தார்.

அடுத்த பங்குனியில் மறுபடி தலை சுற்றியது. வயரில் வெடிப்பு என்றார்கள். அந்த ஒரு சூட்டால் வந்ததா, தினமும் தூக்குகிற மீன் பெட்டியால் வந்ததா என்று கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். மறுபக்கத்தில் புதிதாக வைக்கலாமா என்று பார்க்க ஒரு தாதி வந்தாள். வேறொருத்தி. அதே கேள்வி.

"நீங்கள் எந்தக் கைக்காரர்?"

ஞானேஸ்வரன் நகுலேஸ்வரியைப் பார்த்தார். பிறகு, "இடக்கை" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் முதல்தடவையாக ஓர் அந்நியரிடம் சொன்னார். தாதி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். உலகம் இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா என்று அவருக்கு ஆத்திரம் வந்தது.

பழசை எடுத்துவிட்டு வலப்பக்கம் வைத்து, வலக்கையைத் தொட்டில்போலக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நகுலேஸ்வரி சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்.

"இடப்பக்கம் இனி வெறுமைதானே. ஆறினாப் பிறகு டொக்டரைக் கேட்டுப்போட்டு, விருப்பமெண்டால் ஒருக்கா அர்னேயோடை..."

"வேண்டாம் நகுலா. அந்த மான் நடந்து போனதை நீர் காணேல்லை."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு கரண்டி தாரும்" என்றார்.

"கரண்டி என்னத்துக்கு? அந்தக் கையாலையே சாப்பிடுங்கோ."

அவர் தயங்கினார். யாரோ அடிக்கப் போகிறார்கள் என்பதுபோல வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு இடக்கையை மெல்லத் தட்டில் வைத்து, குழம்பைப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். நாற்பத்தைந்து வருடம் சோற்றைத் தொடாத கை. ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

நகுலேஸ்வரி எழுந்து குசினிக்குள் போய் அழுதாள்.