இடது கைக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி

எனக்கு இஸ்திரி போடத் தெரியாது. ஐம்பத்தேழு வயதில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இதை எழுதுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அரியலூர்ப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம் என் பருத்திப் புடவைகளுக்கு ஒரு பேர் உண்டு. சாயங்காலம் மணி அடிக்கும்போதும் உங்கள் கொசுவம் மட்டும் எப்படிக் கலையாமல் நிற்கிறது என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

போட்டதெல்லாம் என் வீட்டுக்காரர். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டே ஓடிய பஸ்ஸில் பாதி சர்வீஸ் போயிற்று. ஆனாலும் காலையில் டூட்டிக்குப் போகும்போது காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. தன் சட்டையை முடித்துவிட்டு, பெட்டி சூடாக இருக்கும்போதே என் புடவையையும் போட்டு வைத்துவிடுவார். கல்யாணமான மூன்றாம் மாதம் தொடங்கிய பழக்கம் அது. தெருவில் யாராவது பார்த்து, பெண்டாட்டி புடவையைத் தேய்க்கிறான் பார் என்று பேசிவிடக் கூடாதே என்று நான்தான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. புழுக்கமா இருக்கு, திறந்து வுடு என்பார்.

இஸ்திரியில் அவர் மகா பிடிவாதக்காரர். நான் கட்டிக்கொண்டு செருப்பைப் போடும்போது வந்து நிற்பார். முந்தியில் ஒரு கோடு தெரிந்தால் போதும், அவுத்துக் குடு என்பார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கத்துவேன். பஸ்ஸைப் பற்றி எனக்குச் சொல்லாதே, அது என் டிபார்ட்மெண்ட் என்பார்.

அவர் ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் கழித்து, போன ஆடியில், ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு பத்து நாளில் திரும்பியது. கால், கோலை ஊன்றி நடக்கும் அளவுக்கு வந்தது. வலது கைதான் வரவில்லை. விரல்கள் கொஞ்சம் அசையும், ஒன்றையும் தூக்காது.

புரட்டாசியில் ஒரு நாள், நான் பள்ளிக்குப் போயிருந்தபோது, இடது கையால் பழைய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அது ஆட்டுக்கல் மாதிரி கனக்கும் பெட்டி. சூடேற்றி, என் சாம்பல் நிறப் புடவையை விரித்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை நழுவி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான் வந்தபோது புடவையில் முக்கோணமாக ஒரு கருகல். அவர் பெட்டியைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். பரண் மேல் போட்டுவிடு, இனிமேல் கடையில் கொடுத்து வாங்கிக்கொள், அது போதும் என்றார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் போதும்தான். அரைத் தோசையில் போதும். பிசியோதெரபி பயிற்சியில் நாலாவது தடவையே போதும். சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால், யாரு பாக்கப் போறா, இது போதும். தையில் கோயம்புத்தூரில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். நான் வரவில்லை, நீ போய்விட்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். கை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அரையாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டுதல், போய்விட்டு மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். இறங்கியது பெரம்பலூர். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. அரியலூரில் கடை இல்லாமல் இல்லை. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் என்னிடம் படித்தவர்கள் யாராவது இருப்பார்கள். டீச்சர் இஸ்திரிப் பெட்டியை இடது கையால் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைக்காரர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவராம். பயணத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி சின்னதாக, நீராவி வருகிற பெட்டி வேண்டும் என்றேன். மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது, பெட்டியே இல்லை. குடுவை மாதிரி இருந்தது. துணியைத் தொங்கவிட்டு நீராவியை அடிக்க வேண்டுமாம். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை அடிக்க வேண்டும். வேண்டாம் என்றேன். இரண்டாவதன் கைப்பிடி மடங்கும். அழகாகத்தான் இருந்தது, பைக்குள் அடங்கிவிடும். ஆனால் மடக்கவும் நிமிர்த்தவும் ஒரு கை பெட்டியைப் பிடிக்க, மறு கை பொத்தானை அமுக்க வேண்டியிருந்தது. அதையும் தள்ளி வைத்தேன். மூன்றாவது உள்ளங்கை அளவுக்கு ஒன்று. அதை இடது கையால் தூக்கினேன். மேஜை மேல் இழுத்தேன், தள்ளினேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றும் மூடியை இடது கட்டைவிரலால் திறக்க முடிகிறதா என்று பார்த்தேன். திறந்தது.

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிறவர்கள் பையில் வைத்துத்தான் பார்ப்பார்கள், நீங்கள் என்ன இப்படிப் பார்க்கிறீர்கள் என்று நினைத்திருப்பார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"இடது கைப் பழக்கமாக்கா உங்களுக்கு?"

"எனக்கு இல்லங்க. எங்க வூட்டுக்காரருக்கு. அவருதான் எனக்குப் பொடவ தேச்சுக் குடுப்பாரு. இப்ப வலது கை விழுந்துடுச்சு."

முப்பது வருஷத்துக்கு மேல் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்த விஷயம். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னதும் முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி ஒரு அட்டைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, துபாயில் எட்டுப் பேர் இருந்த அறையில் எல்லாருக்கும் தானே தேய்த்ததாகச் சொன்னார். வயரை இடப் பக்கமாக வரும்படி திருப்பிப் போட்டுக் காட்டினார். "கை வந்துரும்க்கா, இன்ஷா அல்லாஹ்," என்றார். பெட்டி சூடேறி அதில் எரிகிற விளக்கு அணைந்த பிறகுதான் நீராவியைத் திறக்க வேண்டும், நம் ஊர்த் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடக் கூடாது என்றும் சொன்னார். நான் அதற்குள் அழுகையை அடக்கும் வேலையில் இருந்ததால் அந்தப் பாடத்தைக் கவனிக்கவில்லை. வகுப்பில் இதற்காக எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, குங்குமம் எங்கே என்பது. சிறுவாச்சூரையே மறந்துவிட்டிருந்தேன். கூட்டம், உள்ளே போகவே முடியவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவர் பையைப் பார்த்தார். கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போகும்போது ஆகும் என்று வாங்கினேன் என்றேன். யார் போடுவது என்றார். நான்தான் என்றேன். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று. பொய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் என் கருநீலப் புடவையைக் கட்டிலில் விரித்தேன். குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். செருகிய உடனே நீராவிப் பொத்தானை அமுக்கினேன்.

நீராவி வரவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்தான் ஒழுகியது. எங்கள் ஊர் சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பத்து நாள் தேய்க்காமல் விட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். கருநீலத்தில் சொட்டு விழுந்த இடமெல்லாம் காய்ந்து வெள்ளை வெள்ளையாக வட்டம் கட்டியது. மட்டமான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

"போர் தண்ணியவா ஊத்துன? அதுவும் சூடேறாம? முப்பது வருசமா பக்கத்துலயே நின்னு என்னத்தப் பாத்த நீ?"

சொல்லிவிட்டு எழுந்தார். கூப்பிடாமல் எழுந்தார். கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் போய், பெட்டியை என்னை எடுத்துவரச் சொல்லி, அதில் இருந்த தண்ணீரை வாஷ் பேசினில் கொட்டினார். அடுத்த நடையில், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்திருந்த சுத்தத் தண்ணீர்க் கேனை இடது கையில் தூக்கிக்கொண்டு கோல் இல்லாமலே வந்தார். விளக்கு அணையும் வரை காத்திருந்தார். வலது கையை இடது கையால் தூக்கித் துணியின் மேல் வைத்தார், காகிதம் பறக்காமல் இருக்கக் கல்லை வைப்பது போல. பிறகு தேய்த்தார். வாயும் ஓயவில்லை. புடவையைப் பாழாக்கிவிட்டாய், கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் வேறு சொல்கிறாய் என்று திட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஐந்து மாதமாக அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பள்ளி திறந்தது. நான் வீடு திரும்பும்போது ஒரு நாள் கைக்குட்டை மட்டும் தேய்த்து மடித்திருக்கும். இன்னொரு நாள் தலையணை உறை. பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், கோயம்புத்தூருக்கு எந்தப் புடவை எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நான் இரண்டு டிக்கெட் போட்டேன்.

மண்டபத்தில் எங்களுக்கு மாடியில் அறை. விடிகாலை முகூர்த்தம். அறையில் ஒரே ஒரு பிளக், அதுவும் கட்டிலுக்குப் பக்கத்தில். போர்வையை மடித்துப் போட்டு, என் அரக்குப் பட்டுப் புடவையைத் திருப்பி விரித்து, மேலே அவருடைய வேட்டியைப் பரப்பி, சூட்டைக் குறைத்துத் தேய்த்தார். வேர்த்துக் கொட்டியது. நான் கட்டி முடித்து, தோளில் ஊசி குத்தி, பூ வைத்தும் ஆயிற்று. தங்கை வீட்டிலிருந்து இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்கள், மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்துவிட்டார் என்று.

அவர் என்னைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

"முந்தில ஒரு மடிப்பு நிக்குது."

"யாரு பாக்கப் போறா. போதும், வாங்க."

"போதாது. இப்புடி நீட்டு."

சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தையை யார் சொல்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. ஊசியைக் கழற்றினேன். அவிழ்க்க நேரமில்லை. கட்டியபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, முந்தியை நீட்டிக் கொடுத்தேன். அவர் வேட்டியை மேலே போட்டு, வலது கையை அதன் மேல் வைத்து, இடது கையால் மெதுவாகத் தள்ளினார். துணி நகரவில்லை. வலது கை விரல்கள் அதை அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மடிப்பு போன பிறகும் இன்னொரு தடவை தேய்த்தார். கீழே கெட்டிமேளம் கேட்டது. நாங்கள் அப்படியே இருந்தோம்.

தாலி கட்டியதைப் பார்க்கவில்லை என்று தங்கைக்கு இன்றைக்கும் வருத்தம். இறங்கி வந்ததும், சம்பந்தி வீட்டார், என் பள்ளியிலிருந்து வந்திருந்த டீச்சர்கள், எல்லார் முன்னாலும் கேட்டாள், கூடப் பிறந்தவள் நீ, அந்த நேரத்தில் அப்படி என்ன வேலை மேலே என்று.

"மாமா எனக்குப் பொடவ தேச்சுக்கிட்டு இருந்தாரு," என்றேன், கூடத்துக்கே கேட்கும்படி.