ஆவணி இரண்டாம் சனிக்கிழமை

ஊரில் நடக்கவிருப்பதை முன்கூட்டி அறிவிக்கும் தொழிலில், சரியாக அறிவித்தால் நிகழ்ச்சி நடத்தியவருக்குப் பெயர். தவறாக அறிவித்தால்தான் அறிவித்தவனுக்குப் பெயர்.

திருத்தணியில் பதினோரு ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்து வருகிறேன். இரண்டு தமிழ் மாதங்களுக்கு ஒரு தாள்; இளஞ்சிவப்பு நிறம்; ஒரே பக்கம். கச்சேரி, பட்டிமன்றம், கண் சிகிச்சை முகாம், ஓவியப் போட்டி, பஜனை என அனைத்தும் நாள், நேரம், இடத்துடன் அதில் இடம்பெறும். தேநீர்க் கடை, முடிதிருத்தகம், நூலகம், பேருந்து நிலையம் எனக் கண்ணில் படும் இடமெல்லாம் நானே ஒட்டுவேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். முப்பது ஆண்டுகள் கரும்பு எடை மேடையில் எழுத்தராக இருந்தபோது, வண்டிக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட நேரத்தில் அச்சான எதையும் விடாமல் படித்து உரைநடை கற்றேன். தாளைத் தட்டச்சு செய்து தருபவர், ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தும் மேகலா. அவர் என் ஒற்றுப்பிழைகளைத் திருத்த முயன்று, தோற்று, பின் பழகிக்கொண்டவர்.

ஒரு முறையேனும் ஊருக்குள் ஒரு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்து, தொடங்க வேண்டிய நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற அன்பர்களுக்காகவே இந்தச் சம்பவங்களை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி விளங்காது.

பதினேழு கவிஞர்கள்

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஆண்டுதோறும் நூலக மாடியில் கவியரங்கம் நடத்துகிறார். ஒரு முறை கவிதை பாடுவோர் பட்டியல் என்று பதினேழு பெயர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தாளில் அவருக்கு ஒதுக்கிய இடம் மூன்று விரற்கடை. ஐந்து பெயர்களைப் போட்டு, 'மற்றும் பலர்' என்று முடித்துவிடலாம் என்றேன். அவர் மேகலாவின் முக்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மறுத்தார். பார்வையாளர்களைப் பற்றியும் சிறிது நினைக்க வேண்டாமா, இத்தனை பெயர்களை யார் படிப்பார்கள் என்று பணிவோடு கேட்டேன். அதற்கு அவர் சொன்னது:

"பதினேழு பேரும் அவங்கவங்க பேரைப் பாத்தாதான் வருவாங்க. அவங்கதான் சார் கூட்டமே."

முடியும் நேரம்

மணவூரிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். நான்கு ஆண்டுகளாக என் தாளைத் தவறாமல் படிப்பதாகச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. எத்தனை நிகழ்ச்சிகளுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுக்கும் இல்லை என்றார். வருவதற்கு வண்டி உண்டு. அரக்கோணத்தில் மாறித் திரும்பிப் போகும் வண்டிதான் அவருக்குக் கவலை. தொடங்கும் நேரத்தை அவ்வளவு அழகாக அச்சிடும் நான், அவருக்கு வேண்டியதை மட்டும் ஒருபோதும் அச்சிடுவதில்லை என்பது அவர் குறை. நான் சமாதானம் சொல்லத் தொடங்கியதும் இடைமறித்தார்:

"ஆரம்பிக்கிற நேரத்த எவன் கேட்டான்? அது எப்படியும் லேட்டாதான் ஆரம்பிக்கும். எத்தனை மணிக்கு முடிப்பாங்கன்னு போடுங்க."

பள்ளிப்பட்டிலிருந்து பன்னிரண்டு பேர்

ஆடி, ஆவணித் தாளுக்கு நான் செய்திகளைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, சரளா என்ற பெண்மணி மேகலாவின் கடைக்கு வந்தார். பள்ளிப்பட்டில் ரவிக்கை தைப்பவர். அங்கு விசைத்தறி வீடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக் கோலாட்டக் குழு ஒன்றை அமைத்திருந்தார். மின்சாரம் நிற்கும்போது தறியும் நிற்கும். அந்த நேரங்களில்தான் ஆடிப் பழகினார்களாம். ஊர் முழுவதும் மின்தடையைத் திட்டும்போது தாங்கள் மட்டும் கோலை எடுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்லிச் சிரித்தார்.

அவர் வந்த காரியம் பெரிது. எங்கள் ஊர் மண்டபம் ஒன்றின் உரிமையாளர் வரதராஜுலு, ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் மண்டபத்தைத் தர இசைந்திருந்தார். அன்று மண்டபம் நிறைந்தால், நவராத்திரி ஒன்பது நாளில் ஒரு நாள் மேடை அவர்களுக்கு. நவராத்திரிக்கு அந்த மண்டபத்துக்கு வராத குடும்பம் இங்கே குறைவு. நிறையாவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. "எங்க ஊரு பாத்துகினுதான் இருக்குது, அது போதாதுங்க. திருத்தணி பாக்கணும்" என்றார் சரளா.

நாளைக் கேட்டேன். சிராவண மாசம் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணி என்றார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. சிராவணம் என்பதுதான் நம் ஆவணி என்பதை அறியாத எழுத்தாளனா நான்? மேலும் ஆடி மாதத்தில் எவராவது ஒரு புது முயற்சியை மேடையேற்றுவார்களா? அவர் பேருந்துக்குப் புறப்பட்ட பின், 'ஆவணி இரண்டாம் சனிக்கிழமை' என்று எழுதி, அதற்குரிய ஆங்கிலத் தேதியையும் நாட்காட்டி பார்த்துச் சேர்த்துக் கொடுத்தேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த மேகலா, விரலை நிறுத்தாமலே கேட்டார்:

"அந்தம்மா நம்பர்தான் இருக்கே, தேதி எத்தனைன்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்?"

சனிக்கிழமை நண்பகல்

கேட்கவில்லை. தாள் அச்சாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பள்ளிப்பட்டுக்குத் தாள் அனுப்பும் வழக்கம் அப்போது எனக்கு இல்லை.

ஆடி மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை. நண்பகலில் கடையில் அமர்ந்திருந்தேன். சரளாவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னணியில் பேருந்தின் இரைச்சலும் பெண்களின் பேச்சும் கேட்டன. பன்னிரண்டு பேரும் ஏறிவிட்டதாகவும், வந்துகொண்டே இருப்பதாகவும் சொல்லி, மண்டபத்தில் மைக் இரண்டு கிடைக்குமா என்று விசாரித்தார். ஒத்திகைக்கா வருகிறீர்கள் என்று கேட்டேன். இன்றுதானே இரண்டாவது சனிக்கிழமை என்றார். பிழையைச் சொல்லாமல், ஆம், வாருங்கள் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்த மேகலா எழுந்து பக்கத்து மருந்துக் கடைக்குப் போனார். அங்கே தெலுங்கு நாட்காட்டி ஒன்று தொங்கும். நம் மாதம் சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது. அவர்கள் மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. நமக்கு ஆடி பாதி மீதமிருக்கும்போதே அவர்களுக்கு மங்கலமான சிராவணம் வந்துவிடும். அறுபத்தெட்டு ஆண்டுகள் எல்லையோரத்தில் வாழ்ந்தும் நான் கேட்டறியாத இச்செய்தியை, மேகலா திரும்பி வந்து ஒரே வரியில் அறிவித்தார்:

"சார், அவங்களுக்குச் சிராவணம் பொறந்து ஒம்பது நாள் ஆவுது."

வாய்ச்சொல்

மாலை ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக, எழுதாமல் வாயால் அறிவிக்கப் புறப்பட்டேன். பேருந்து நிலையத்தில் சொன்னேன். காய்கறிக் கடைகளில் சொன்னேன். நூலகத்தில் நாளிதழ் விரித்திருந்தவர்களின் காதருகே குனிந்து சொன்னேன். அனைவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அனைவரும் சொல்லிவைத்தாற்போல் என் தாளைச் சுட்டிக்காட்டி, அதில் ஆவணி என்று போட்டிருக்கிறதே என்றார்கள். அது பிழை என்றேன். தாளில் பிழை வராது என்று எனக்கே எடுத்துரைத்தார் ஒருவர்.

முடிதிருத்தகத்துக்காரர் என்னோடு இருபது ஆண்டுகள் பழகியவர். அவராவது நம்புவார் என்று போய் நின்றேன். கத்தரியைக் காதோரம் நிறுத்திக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வாயால சொல்றத நம்பி கடைய மூடிகினு வரேன்னு வையுங்க. அப்புறம் தாள்ல இருக்கறதுதான் சரின்னு ஆயிட்டா, யாருங்க பதில் சொல்றது?"

பத்தொன்பது பேர்

முந்நூறு நாற்காலிகள் போட்டிருந்த மண்டபத்தில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் நால்வர் மின்விசிறிக்காக வந்தவர்கள். பன்னிரண்டு பெண்களும் மாம்பழ நிறச் சேலையில், ஒரே அளவாகச் சீவிய கோல்களுடன் மேடையேறினார்கள். சரளா கைத்தாளம் தட்டிப் பாடினார். வட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, மீண்டும் ஒன்றானபோது ஒரு கோல்கூடத் தவறவில்லை. காலி மண்டபத்தில் அந்த ஓசை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

வாசல் தூணில் என் தாள் ஒட்டப்பட்டிருந்தது. நான் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று வரதராஜுலு படித்துப் பாராமலே ஒட்டச் சொல்லியிருந்தார். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் கிழிக்க வரவில்லை. அன்று நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்: நிகழ்ச்சி முடிந்து அப்பெண்கள் வெளியேறும்வரை அத்தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். ஏன் கூட்டமே இல்லை என்று சரளா கேட்டபோது, ஆடி மாதம், மழை வேறு வரும்போல் இருந்தது என்றேன். அவர் தலையசைத்தார். சற்றுத் தள்ளி நின்ற வரதராஜுலு, சரளாவின் காதில் விழாதபடி என்னிடம் சொன்னார்:

"ஆட்டம் நல்லாத்தாங்க இருக்குது. ஆனா காலி நாற்காலிய பாத்துட்டு நவராத்திரி மேடைய எப்படிங்க குடுக்கறது?"

தறிச் சத்தத்தின் நடுவே

திங்கட்கிழமை காலை பேருந்தேறிப் பள்ளிப்பட்டுக்குப் போனேன். சரளாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. இருபுறமும் விசைத்தறி இரைந்துகொண்டிருந்த தெருவில், தையல் இயந்திரம் சும்மா இருந்த வீடு அது ஒன்றுதான். குழுவிலேயே மூத்தவரான முனெம்மா அங்கே இருந்தார். தாளை எடுத்து விரித்து, நடந்ததைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் முதல் முறை காதில் விழவில்லை என்றார்கள். ஆதலால் என் பிழையை உரத்த குரலில் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

முனெம்மா தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இந்த நைனாவுக்கு மாசம் எப்ப பொறக்குதுன்னே தெரியல, ஊருக்கெல்லாம் தேதி சொல்லிகினு கீறாரு" என்றார். பின்பு குரல் மாறி, திருத்தணிக்குத் தங்கள் ஆட்டம் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு சரளா இரண்டு நாளாக மெஷினில் உட்காரவே இல்லை என்றார். சரளா துணி ஒன்றிலிருந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் அந்த வரியை என் கையாலேயே அடித்துவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். தாள்கள் இன்னும் அப்படியே இருக்கின்றனவா, எல்லோரும் அதையா நம்பினார்கள் என்று கேட்டார். ஆம், என்னைவிட அதைத்தான் நம்பினார்கள் என்றேன். சரளா நூல் பிரித்த துணியை மடித்து வைத்தார்.

"அடிக்காதீங்க. அதுல என்ன தேதி போட்டீங்களோ, அந்தத் தேதிக்கே நாங்க வந்துர்றோம். இன்னொரு அரை நாள் தறி நிக்கட்டும்."

வளைகாப்பு மேடை

வரதராஜுலுவிடம் உண்மையைச் சொல்லி மண்டபம் கேட்டேன். ஆவணி பிறந்துவிட்டால் அவருக்கு நல்ல காலம். குறித்த சனிக்கிழமை பகலில் ஒரு வளைகாப்பு இருந்தது. மூன்று மணிக்கு அவர்கள் போன பின் எடுத்துக்கொள்ளலாம், மேடை அலங்காரத்தைக் கழற்ற ஆள் கிடையாது என்றார். சம்மதித்தேன். கூட்டத்தைப் பொறுத்து அவர் முடிவு என்பதையும் மீண்டும் நினைவூட்டினார்.

அன்று நான்கரை மணிக்கே வாசலில் செருப்புகள் குவியத் தொடங்கின. முடிதிருத்தகத்துக்காரர் மனைவியுடன் வந்து, நான் அன்றைக்கே சொன்னேனே என்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஐந்து மணிக்கு நாற்காலிகள் தீர்ந்தன; சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நாற்காலிகளை எடுத்துவரச் சொன்னார் வரதராஜுலு. தெர்மகோலில் வெட்டிய 'வளைகாப்பு' என்ற எழுத்துகளுக்கும், தோரணமாகத் தொங்கிய கண்ணாடி வளையல்களுக்கும் கீழே அந்தப் பன்னிரண்டு பேரும் ஆடினார்கள். யாருக்கு எத்தனையாவது மாதம் என்று பின்வரிசையில் ஓர் அம்மாள் விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாட்டுக்குள் அந்த விசாரணையும் நின்றுவிட்டது. பெண்கள் வரிசையிலிருந்து தாளத்துக்குக் கைதட்டல் எழுந்தது. அது மேடைக் கோலோசையோடு சேர்ந்து மண்டபத்தை நிறைத்தது. முனெம்மா ஆடிக்கொண்டே கூட்டத்தைக் கண்ணால் அளந்து, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். சரளா மட்டும் எவரையும் பாராமல் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வரதராஜுலு நவராத்திரி ஏட்டுடன் என்னிடம் வந்தார். எந்த நாள் என்று நானே சரளாவைக் கேட்டுக் குறித்துத் தருகிறேன் என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவர் ஏட்டை என் கைக்கு எட்டாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்:

"நீங்க இருங்க. அந்தம்மாவே அவங்க கையால எழுதட்டும்."

பதினோரு ஆண்டுகளில் என் அறிவிப்பை மட்டுமே நம்பி ஒரு மண்டபம் நிறைந்தது அந்த ஒரு நாள்தான் என்பதையும், அந்த அறிவிப்பு பிழையானது என்பதையும், என் உரைநடையில் குறை காண்போருக்கு அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.