நோவாத கண்ணுக்கு மருந்து

என் இடது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்க்கிற அளவுக்கு என் முகத்தில் அழகு எதுவும் இல்லாததால் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாமலே போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன.

விளாங்குடிக்கு மேற்கே, திண்டுக்கல் ரோட்டிலிருந்து இறங்கி வரப்பில் நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. அப்போது வெள்ளைக்காரன் காலம். ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் கண்ணில் அடிபடாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிட்டிப்புள் தெறித்து ஒருவன், பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டுக்குச்சி குத்தி ஒருத்தி, வேலி தாண்டும்போது முள் கீறி இன்னொருவன். பேசினவனைக் குறிவைத்து வாத்தியாரே எறிந்த சாக்குக்கட்டி ஒருமுறை பேசாதவன் இமையைப் பதம் பார்த்தது. பாதிப் பேருக்கு இரண்டு நாளில் ஆறிவிடும். சிலருக்கு ஆறாது. முதல் வரிசையில் ஒரு பையன் கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துத்தான் கரும்பலகையைப் பார்ப்பான். முழங்கால் தழும்பு போல அதையும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

என் முறை எட்டு வயதில் வந்தது. ஊரில் கூத்து நடந்து முடிந்த மறுவாரம் அது. கூத்தில் வில் பிடித்து ஆடினவரைப் பார்த்த பிறகு ஊரில் ஒரு விளக்குமாறு முழுசாக மிஞ்சவில்லை. பையன்கள் கையில் எல்லாம் ஈர்க்குச்சி அம்புதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் வேப்பமரத்தில் ஒரு சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டு எய்தார்கள். பொம்பளைப் பிள்ளைகள் எய்யக் கூடாதாம். சரி, பட்டதா படவில்லையா என்று சொல்கிற வேலையையாவது கொடுங்கள் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றேன். பட்டதா என்று எட்டிப் பார்த்தேன். பட்டது.

வாத்தியார்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "வருசத்துக்கு ஒரு கண்ணுன்னு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேந்துவிட்டாப்புல இருக்கே!" என்று வழியெல்லாம் புலம்பினார். அப்பா வண்டி பூட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் மருந்து விட்டுப் பச்சைத் துணியால் கட்டினார். பதினைந்து நாள் வெளிச்சம் படாமல் இருட்டில் வைக்கச் சொன்னார். தாம் கொடுத்த மருந்து தவிர வேறு எதையும் கண்ணில் ஊற்றக் கூடாது என்றார். பார்வை நிற்குமா என்பதை அதற்கப்புறம்தான் சொல்ல முடியும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவது மட்டும்தான் எங்கள் வீட்டில் அப்பாவின் அதிகாரம்.

வீட்டில் இருட்டான அறை பின்பக்கத்து அறை ஒன்றுதான். அதில் ஏற்கெனவே அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. வண்டியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து நாலாம் நாளே இறந்துவிட்டது. அந்த நாலு நாளும் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்ததால் நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது தொட்டிலுக்கென்று எடுத்து வைத்த சேலை மடிப்புக் கலையாமல் கொடியில் கிடந்தது. பிள்ளைக்குப் பால் புகட்டவென்று அப்பா டவுன் பாத்திரக் கடையில் வாங்கி வந்த பித்தளைப் பாலாடை மாடத்தில் பளபளவென்று இருந்தது. பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு அம்மா, "பொத்திக்கிட்டுப் போ" என்றாள்.

பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தைக்கும் அம்மா தினம் கட்டிவந்தாள். எனக்கு அடிபட்டதும் அதை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி மருந்து ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு, கண்ணில் அடிபட்டால் தாய்ப்பால்தான் என்பது அம்மாவின் தீர்மானம். அறை வாசலிலேயே நின்றுகொண்டு, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏத்தா, புள்ளை கண்ணுக்கு ரெண்டு சொட்டு விடுறியா?"

அத்தை எழுந்து மாடத்திலிருந்து பாலாடையை எடுத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிக்கொண்டு வந்து, என் தலையை மடியில் வைத்து, கட்டை விலக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கதகதவென்று இருந்தது. கண்ணில் விட்டது வாய் ஓரம் வழிந்தபோது நான் நக்கிப் பார்த்ததை அவள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள்.

காலையில் அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொல்வது ஓட்டைப் பிளந்துகொண்டு கேட்கும். நானும் இருட்டில் கிடந்தபடி கூடவே சொல்வேன். ஆறாம் வாய்ப்பாட்டில் அவர்கள் தப்பு விட்டால் நான் திருத்துவேன், யார் காதில் விழப்போகிறது? யாராவது பார்க்க வருவார்கள் என்று வாசல் சத்தத்துக்கெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒருத்தியும் வரவில்லை. அம்பு விட்டவன்கூட வரவில்லை. பிள்ளை செத்த அறைக்குப் பிள்ளைகளை அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று துணியின் ஓரம் நனைய அழுதேன். அழாதே, கண்ணுக்கு ஆகாது என்று அத்தை நெற்றியைத் தடவுவாள். அவளும் அதிகம் பேசமாட்டாள். நாளைக்கு மூன்று வேளை பால் விடும்போது மட்டும் தொண்டைக்குள்ளேயே எதையோ முனகுவாள். வார்த்தை எதுவும் இருக்காது. அதற்காகவே அடுத்த வேளை எப்போது வரும் என்று காத்துக் கிடப்பேன்.

பதினைந்தாம் நாள் டவுனுக்குப் போனோம். "தப்பிச்சிருச்சு" என்றார் டாக்டர். புள்ளி ஒன்று நிற்கும், பார்வைக்குப் பழுதில்லை, அடுத்த வாரம் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்றார். அவர் மருந்தால் பிழைத்ததா, அம்மா வைத்தியத்தையும் தாண்டிப் பிழைத்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பி வரும்போது வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. பச்சைத் துணிக்கு வெளியே இருந்த நல்ல கண்ணால் பார்த்தேன். என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "இவ கண்ணும் தேறிருச்சு. இனி அவளுக்கும் பாலு வத்தட்டும். மாப்ளைக்குச் சொல்லி அனுப்புங்க."

நான் அன்றைக்கே பொய்யை ஆரம்பித்தேன். வெளிச்சம் பட்டால் கண் நோவுகிறது என்றேன். உள்ளே ஊசி வைத்துக் குத்துகிறது என்றேன். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைக்கவும் பழகிக்கொண்டேன். எனக்கு அத்தை போகக் கூடாது, அவ்வளவுதான்.

அம்மா மறுநாளிலிருந்து மல்லிகையைக் கட்டத் தொடங்கினாள். விடியற்காலையில் பறித்த மொட்டுகளை அத்தையின் மாரில் வைத்து இறுகக் கட்டிவிட்டு வயலுக்குப் போவாள். அவள் தெருவைத் தாண்டியதும் அத்தை என்னிடம் கேட்பாள்:

"நோவுதாடி?"

"நோவுது அத்தை. ரொம்ப நோவுது."

உடனே கட்டை அவிழ்ப்பாள். பூவையெல்லாம் நூலில் கோத்து என் தலையில் வைத்துவிடுவாள். "எனக்கு எதுக்கு இம்புட்டுப் பூவு, நீ வெச்சுக்க" என்பாள். பிறகு பாலாடை வரும், மடி வரும், முனகல் வரும். நான் பகலெல்லாம் மணப்பெண் மாதிரி அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பேன். பொழுது சாயும்போது பூ என் தலையிலிருந்து இறங்கி அவள் கட்டுக்குள் போய்விடும். "எம்புட்டுப் பூ வெச்சுக் கட்டியும் வத்தலையே!" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஊரையே ஏமாற்றுகிறேன் என்று பெருமை வேறு.

ஒருநாள் அம்மா எனக்குத் தலை வாரினாள். சிக்கெடுத்த சீப்பில் வாடின மொட்டு ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது. முதுகில் விழப்போகிற அடிக்கு நான் தோளைக் குறுக்கினேன். அடி விழவில்லை. அம்மா மொட்டைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அத்தை தலை நிமிரவில்லை.

"கண்ணு இன்னும் நோவுதா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"நோவுது."

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாரத் தொடங்கினாள். மறுநாள் காலையில் பூக் கட்டவில்லை. மாமாவுக்குச் சொல்லி அனுப்புகிற பேச்சையும் எடுக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு வாரம் கழித்து மாமா தாமாகவே வந்து நின்றார். வாசலில் வண்டி. அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை நாள் கழித்து வெயிலில் நின்றபோது அவள் முகம் எனக்குப் புதிதாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"எனக்குக் கண்ணு நோவவே இல்ல! டவுனுக்குப் போனன்னைக்கே சரியாப்போச்சு! நான் சொன்னது அம்புட்டும் பொய்யி! நீ விட்டதெல்லாம் தெண்டம்!"

அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழட்டும் என்றுதான் சொன்னேன். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து முந்தானையால் என் இடது கண்ணைத் துடைத்தாள்.

"தெரியும்டி, தங்கம்" என்றாள். "வாரேன்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். தெரியுமாம். தெரிந்துகொண்டே நோவாத கண்ணுக்கு மூன்று வேளையும் எதற்கு மருந்து விட்டாள்? நானாவது சின்னப் பிள்ளை. பெரியவர்களுக்கு இவ்வளவுதான் புத்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அறையில் மாடம் காலியாக இருந்தது. நான் பாய்க்கடியிலும் தேடினேன், அடுப்படியிலும் தேடினேன். பிறகு அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, என் பாலாடையை அத்தை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு!"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு பித்தளைப் பாலாடைக்கு இவ்வளவு அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. போனால் போகிறது, டவுனுக்குப் போகும்போது அப்பா வேறு ஒன்று வாங்கிவந்துவிடுவார் என்று சொல்லி நான்தான் அவளைத் தேற்றினேன்.